மறுக்கப்பட்ட இசைத்தட்டு

இரவு வேளையிலே சிற்றலை வரிசையில் நிலையம் தேடுவோருக்கு ஒரு விசித்திரமான அனுபவம் வாய்ப்பதுண்டு. இரு நிலையங்களுக்கு இடையிலே, கொதிக்கும் எண்ணெய்போல இரையும் ஒலிகளின் நடுவே, யாரோ ஒருவர் உணர்ச்சியற்ற குரலில் எண்களையோ எழுத்துக்களையோ வாசித்துக்கொண்டிருப்பார். நிலையத்தின் பெயர் சொல்லப்படுவதில்லை. பேசுபவர் யார் என்பதும், யாருக்காகப் பேசுகிறார் என்பதும் தெரிவதில்லை. சில நிமிட நேரம் அவ்வாறு ஒலித்தபின் குரல் ஓய்ந்துவிடும். இரைச்சல் மட்டும் எஞ்சிநிற்கும்.

இவற்றை 'எண் நிலையங்கள்' என்பர். வெளிநாடுகளில் மறைந்து வாழும் ஒற்றர்களுக்கு அரசாங்கங்கள் கட்டளை அனுப்பக் கையாண்ட வழி இது என்பதே வானொலி ஆராய்வோரின் பொதுவான முடிபு. வழி மிக எளிதானது. ஒற்றனிடம் இருக்கவேண்டியது கடையில் விற்கும் சாதாரண வானொலிப் பெட்டியும், ஒரு சிறிய இரகசியக் குறிப்பேடுமே. உலகம் முழுவதும் கேட்கக்கூடிய குரலின் பொருளைக் குறிப்பேடு வைத்திருப்பவன் ஒருவனே அறிவான். அவன் எங்கிருந்து கேட்கிறான் என்பதை எவராலும் கண்டுபிடிக்க இயலாது. எல்லோருக்கும் கேட்கும்படி பேசி ஒருவனுக்கு மட்டும் விளங்கவைக்கும் தந்திரம் இது.

இத்தகைய ஒலிபரப்புக்களைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து திரட்டிய தொகுதியொன்று 1997 ஆம் ஆண்டில் இலண்டனிலே நான்கு இறுவட்டுக்களாக வெளிவந்தது. 'கொனெற் புரொஜெக்ற்' என்பது அதன் பெயர். வெளியிட்டது 'இர்டியல்' என்னும் சிறு நிறுவனம். அத்தொகுதியில் ஒரு பெண்குரல் மூன்று சொற்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறது: யாங்கி, ஹோட்டல், பொக்ஸ்ட்ரொட். வானொலித் தொடர்பில் ஆங்கில எழுத்துக்கள் ஒன்றுக்கொன்று மாறிக் கேளாதிருக்கும் பொருட்டு ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லை வழங்கும் முறை 1956 ஆம் ஆண்டில் சர்வதேச ரீதியில் நிலைபெற்றது. அம்முறையிலே 'வை', 'எச்', 'எவ்' என்னும் மூன்று எழுத்துக்களையே அச்சொற்கள் குறிக்கின்றன.

பொருள் தெரியாத அம்மூன்று சொற்களும் அமெரிக்க இசைக்குழு ஒன்றின் இசைத்தொகுப்புக்குப் பெயராயின. 'யாங்கி ஹோட்டல் பொக்ஸ்ட்ரொட்' என்னும் அத்தொகுப்பு, அதனைப் பதிவுசெய்யப் பணம் கொடுத்த கம்பனியாலேயே மறுக்கப்பட்டது. பின்னர் கடைகளுக்குச் செல்வதற்கு முன்னரே காற்றில் மிதந்துசென்று தன் செவிகளைத் தானே தேடிக்கொண்டது. இசைக்குரிய கேட்போர் யாவர் என்பதை முன்கூட்டியே அறிந்துவிட்டதாக வணிகர் எண்ணும்போது நேரும் பிழைக்கு இதனினும் சிறந்த உதாரணம் அண்மைக்கால இசை வரலாற்றிலே காண்பது அரிது.

அக்குழுவின் பெயர் 'வில்கோ'. இதுவும் ஒரு வானொலிச் சொல்லே. விமானிகளும் போர்வீரரும் வானொலி மூலம் கட்டளை பெறும்போது, 'விளங்கிற்று, அவ்வாறே செய்வேன்' என்னும் பொருளில் கூறும் மறுமொழி அது. 1987 ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்தின் பெல்வில் என்னும் சிற்றூரிலே 'அங்கிள் டூப்பெலோ' என்ற குழு தோன்றிற்று. நாட்டுப்புறப் பாட்டின் எளிமையையும் றொக் இசையின் வேகத்தையும் ஒன்றாய்ப் பிணைத்த குழு அது. அதன் தலைவர்கள் இருவரும் பிணக்குற்று 1994 இல் பிரிந்தனர். அவர்களுள் ஒருவரான ஜெஃப் ட்வீடி எஞ்சியோரைச் சேர்த்து வில்கோவை அமைத்தார். 1995 இல் வந்த அக்குழுவின் முதற் தொகுப்பின் பெயர் 'ஏ. எம்.', அதுவும் வானொலியின் அலைவரிசையை நினைவூட்டும் பெயரே.

அக்காலத்திலே 'மாற்று றொக்' என்று அழைக்கப்பட்ட இசைவகையுள் இக்குழுவையும் சேர்த்து எண்ணினர். பெருங்கம்பனிகளின் கணக்குக்கு அடங்கிய பாட்டுக்களுக்கு மாறாக, கல்லூரி வானொலிகளிலும் சிறு மண்டபங்களிலும் வளர்ந்த இசையாதலின் அதற்கு அப்பெயர் வந்தது. ஆயினும் தொண்ணூறுகளிலே பெருங்கம்பனிகளே அவ்விசையைத் தேடிவந்து ஒப்பந்தம் செய்தன. வில்கோவை ஏற்றுக்கொண்டது 'ரிப்ரீஸ்' என்னும் இசைத்தட்டு நிறுவனம். 1960 ஆம் ஆண்டில் பாடகர் பிராங்க் சினாட்ரா, கலைஞர் தம் விருப்பம்போல் பாடிப் பதிவுசெய்யும் சுதந்திரம் வேண்டுமென்று தாமே நிறுவிய நிறுவனம் அது. 1963 இல் அது வோணர் கம்பனியின் கைக்கு மாறிற்று. சுதந்திரத்தின் பெயரால் பிறந்த அவ்வீடு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் என்ன செய்தது என்பதே இக்கதையின் நடுப்பகுதி.

1996 இல் 'பீயிங் தெயர்' என்னும் இரட்டைத் தொகுப்பும், 1999 இல் 'சம்மர்ரீத்' என்னும் தொகுப்பும் வெளியாயின. இடையிலே 1998 இல், மறைந்த நாட்டுப்பாடகர் வூடி கத்ரி எழுதிவைத்துப் பண் அமைக்காது விட்டிருந்த பாடல்களுக்கு ஆங்கிலப் பாடகர் பில்லி பிராக்குடன் கூடி இசையமைத்தனர். விமர்சகர் பாராட்டினர், விற்பனையோ நடுத்தரமாகவே இருந்தது. கம்பனி காத்திருந்தது.

2000 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே சிக்காகோ நகரில் தங்களுக்கென வைத்திருந்த மாடியறையொன்றில் குழுவினர் புதிய பதிவைத் தொடங்கினர். வாடகைக்குப் பிடித்த கலையகமாயின் மணிக்கணக்கு உண்டு. சொந்த இடத்திலே நேரத்துக்குக் கட்டுப்பாடில்லை. ஒரே பாட்டைப் பலவிதமாக அமைத்தும், கலைத்தும், மீண்டும் கட்டியும் பார்த்தனர். இவ்வேலையிலே ட்வீடிக்குத் துணைநின்றவர் ஜே பெனற் என்பவர். கித்தார், பியானோ முதலிய பல வாத்தியங்களை வாசிப்பதிலும், ஒலிப்பதிவுக் கருவிகளைக் கையாள்வதிலும் வல்லவர். பழைய கருவிகளைத் தேடிச் சேர்த்து, அவற்றிலிருந்து புதுமையான ஒலிகளை எழுப்புவதிலே தணியாத ஆர்வமுடையவர். பாடல்கள் பலவற்றை ட்வீடியுடன் சேர்ந்து எழுதியவரும் அவரே.

இதற்கிடையில் ட்வீடி, சிக்காகோவின் பரிசோதனை இசையாளரான ஜிம் ஓரூர்க் என்பவருடன் நட்புப் பூண்டார். அவர் மூலமாகக் கிளென் கொச்சி என்னும் தாளக்கலைஞர் அறிமுகமானார். தொடக்கமுதல் குழுவிலிருந்த கென் கூமர் நீக்கப்பட்டார். கொச்சி அவ்விடத்தைப் பெற்றார். தாளத்தை வெறும் காலக்கணக்காகக் கொள்ளாது, மணியும் தகடும் மரமும் எழுப்பும் ஓசைகளை ஓவியன் வண்ணம் தீட்டுவதுபோல் இடம்பார்த்து வைப்பவர் கொச்சி. பாட்டுக்களின் உருவமே அதனால் மாறத் தொடங்கிற்று.

பதிவான ஒலிகள் மலைபோற் குவிந்தன. அவற்றை அளவறிந்து கலந்து முடிவான உருவம் கொடுக்கவேண்டும். பெனற் அதனைத் தாமே செய்ய விரும்பினார். ட்வீடி அப்பணியை ஓரூர்க்கிடம் ஒப்படைத்தார். ஓரூர்க் செய்த வேலையிற் பெரும்பகுதி நீக்கும் வேலையாகும். பத்து ஒலிகள் நெருங்கியிருந்த இடத்தில் மூன்றை நிறுத்தி ஏனையவற்றை அகற்றினார். சிற்பி வேண்டாத கல்லைச் செதுக்கிவிடுவது போன்றதே இது. ஆனால் அகற்றப்பட்ட ஒலிகளுட் பல பெனற் இராப்பகலாகச் சேர்த்து வைத்தவை என்பதையும் மறத்தலாகாது.

அந்நாட்களிலே சாம் ஜோன்ஸ் என்னும் புகைப்படக் கலைஞர் குழுவினரைத் தொடர்ந்து சென்று கறுப்பு வெள்ளைப் படமொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். 2002 இல் வெளியான அப்படத்திலே ஒரு காட்சி உண்டு. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்கும் சில விநாடி இடைவெளியை எவ்வாறு அமைப்பது என்பது பற்றிப் பெனற்றும் ட்வீடியும் நெடுநேரம் வாதிடுகின்றனர். பெனற் தம் கருத்தை ட்வீடி விளங்கிக்கொள்ளவில்லை என்று மீண்டும் மீண்டும் விளக்குகிறார். ட்வீடி விளங்கிற்று என்கிறார். ஆயினும் வாதம் முடியவில்லை. பார்ப்பவருக்கு ஒன்று புலனாகும்: விவாதம் அச்சில விநாடிகளைப் பற்றியதன்று, ஒரு நட்பு முறிந்துகொண்டிருக்கிறது. 2001 இல் வேலை முடிந்தபின் பெனற் குழுவிலிருந்து விலக்கப்பட்டார்.

பிறந்த தொகுப்பில் 11 பாடல்கள் இருந்தன. மொத்தம் ஏறத்தாழ 52 நிமிடம். முதற்பாட்டு ஏழு நிமிட அளவினது. இரைச்சலும் மணியோசையும் தாளமும் தனித்தனியே திரிந்து, பின்னர் மெல்ல ஒன்றுகூடி, இறுதியில் மீண்டும் சிதறிப்போகின்றன. அதன் நடுவே நிற்பது ஓர் எளிய காதற்பாட்டு. வயலின்களுடன் இனிமையாய் நடக்கும் பாட்டும் உண்டு. இளமைக்காலத்து வேனிலில் ஆற்றங்கரையோரம் கேட்ட வாத்தியக்காரரை ஏக்கத்தோடு நினைக்கும் பாட்டும் உண்டு. பத்தாவது பாட்டின் இறுதியிலே இரைச்சல் மெல்ல எழுகிறது. அதனூடே அச்சிற்றலைப் பெண்குரல் தன் மூன்று சொற்களையும் சொல்லத் தொடங்குகிறது. இரைச்சல் பெருகிப் பெருகிப் பாட்டையே மூடிவிட, திடீரென யாவும் அறுந்துவிடுகின்றன. அந்த மௌனத்திலிருந்து கடைசிப் பாட்டுத் தாழ்ந்த குரலில் எழுகிறது.

அக்குரலை ட்வீடி ஏன் தேர்ந்தார் என்பதைப் பாடல்களே உணர்த்துகின்றன. ஒருவன் மற்றொருவருக்குத் தன் நெஞ்சைத் திறந்துசொல்ல முயல்கிறான். சொல் போய்ச் சேரவில்லை. இடையிலே தூரமும் இரைச்சலும் குறுக்கிடுகின்றன. பாட்டுக்குப் பாட்டு இந்நிலையே வேறுவேறு உருவில் வருகிறது. காற்றிலே யாருக்கோ அழைப்பு விடுத்துக்கொண்டிருக்கும் அப்பெண்குரல் இவை யாவற்றுக்கும் பொருத்தமான சின்னமாயிற்று.

2001 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பதிவு கம்பனியிடம் கொடுக்கப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியிலேதான் ரைம் வோணர் நிறுவனம் 'ஏ. ஓ. எல்.' என்னும் இணைய நிறுவனத்துடன் இணைந்திருந்தது. அமெரிக்க வணிக வரலாற்றின் மிகப்பெரிய இணைப்புக்களுள் ஒன்று அது. இணைப்பைத் தொடர்ந்து ஆட்குறைப்பு நிகழ்ந்தது; வில்கோவை ஆதரித்துவந்த ரிப்ரீஸ் தலைவர் ஹோவி கிளைனும் பதவி நீங்கினார். எஞ்சிய அதிகாரிகள் பதிவைக் கேட்டனர். வானொலிக்கு ஏற்ற பாட்டு ஒன்றும் அவர்கள் செவிக்குப் புலப்படவில்லை. மாற்றங்கள் வேண்டுமென்ற கருத்தை ட்வீடி ஏற்கவில்லை. கம்பனி தொகுப்பை வெளியிட மறுத்தது.

வணிகரின் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. 1996 இல் அமெரிக்காவில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் எத்தனை வானொலி நிலையங்களை வைத்திருக்கலாம் என்ற நாடளாவிய வரம்பை நீக்கிற்று. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் 'கிளியர் சனல்' என்ற நிறுவனம் ஒன்றே ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களைத் தன் உடைமையாக்கிக்கொண்டது. நகரத்துக்கு நகரம் வேறுபட்டிருந்த பாட்டு வரிசைகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் ஆயின. அச்சிறு வாயிலினூடே நுழையாத பாட்டு நாட்டின் காதுக்கு எட்டாது என்று கம்பனியார் கணக்கிட்டனர். அவர்களுடைய கணக்கு வாயிலைப் பற்றியமட்டில் சரியானதே. வீட்டுக்கு வேறு வாயில்களும் உண்டு என்பதையே அவர்கள் எண்ணவில்லை. அதுவும் ஓர் இணைய நிறுவனத்தோடு அப்போதுதான் சம்பந்தம் செய்துகொண்டவர்கள் எண்ணவில்லை.

வில்கோவும் ரிப்ரீஸும் பிரிந்தன. மூலப்பதிவு குழுவின் கைக்கு வந்தது. முதலில் அத்தொகுப்பு வெளிவருவதாக இருந்த நாள் 2001 செப்டெம்பர் 11. அன்று கடைகளில் இசைத்தட்டு இல்லை; நியூயோர்க் நகரத்திலே இரு கோபுரங்கள் வீழ்ந்தன. ஒரு வாரத்தின்பின், செப்டெம்பர் 18 ஆம் நாள், குழுவினர் தொகுப்பு முழுவதையும் தங்கள் இணையத்தளத்திலே எவரும் இலவசமாகக் கேட்கும்படி வைத்தனர். உயர்ந்த கட்டடங்கள் அதிர்வதைச் சொல்லும் பாட்டு ஒன்றும், நாட்டுக் கொடியின் சாம்பலைத் தலைப்பிலே கொண்ட பாட்டு ஒன்றும் அதிலே இருந்தன. அவை அந்நிகழ்ச்சிக்குப் பல மாதம் முன்னரே பதிவானவை. எனினும் துயரத்திலாழ்ந்திருந்த மக்களுக்குத் தங்களை நினைத்தே பாடியவைபோல் அவை ஒலித்தன. அட்டைப்படத்தில் நிற்கும் இரட்டைக் கோபுரங்களும் அவ்வெண்ணத்தை வளர்த்தன. உண்மையிலே அவை சிக்காகோ ஆற்றங்கரையிலே அறுபதுகளில் கட்டிடக் கலைஞர் பேட்ரன்ட் கோல்ட்பேர்க் எழுப்பிய மரீனா சிற்றிக் கட்டடங்களாகும்.

அந்த இலையுதிர் காலத்திலே குழுவினர் ஊரூராகச் சென்று கச்சேரி செய்தனர். எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத பாட்டுக்களை அவையோர் சொல் பிசகாது கூடவே பாடினர். கேட்போர் எங்கே என்று கம்பனி கேட்ட கேள்விக்கு விடை அம்மண்டபங்களில் நின்றுகொண்டிருந்தது. பல நிறுவனங்கள் தொகுப்பை வாங்கப் போட்டியிட்டன. இலவசமாகக் கேட்டுவிட்டவன் பணம் கொடுத்து வாங்கமாட்டான் என்ற அச்சம் இசைவணிக உலகெங்கும் நிலவிய காலம் அது என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

முடிவிலே வில்கோவை ஏற்றுக்கொண்டது 'நொன்சச்' என்னும் நிறுவனம். இந்நிறுவனத்தின் பெயர் தமிழிசை அன்பர்க்குப் புதிதன்று. 1964 இல் தொடங்கி, மேலைச் செவ்விசையை மலிவுவிலைத் தட்டுக்களாக்கிப் பரப்பிய நொன்சச், அறுபதுகளின் பிற்பகுதியில் உலக நாடுகளின் இசையை வெளியிடும் ஒரு வரிசையையும் ஆரம்பித்தது. இராம்நாட் கிருஷ்ணன், கே. வி. நாராயணசுவாமி ஆகிய கருநாடக இசைவாணர்களின் பாட்டை அமெரிக்க மக்களின் இல்லங்களுக்குக் கொண்டுசென்றது அவ்வரிசையே. பெருந்தொகையாய் விற்காதெனினும் கேட்கவேண்டியதைக் கேட்கச்செய்வது என்னும் மரபு அங்கே இருந்தது. ஆனால் வேடிக்கை யாதெனின், நொன்சச்சும் வோணர் குடும்பத்தைச் சேர்ந்ததே. பதிவுக்காக ஒரு கையாற் பணம் கொடுத்து, வேண்டாமென்று கழித்துவிட்ட அதே குடும்பம், மறுகையாற் பணம் கொடுத்து அதனையே திரும்ப வாங்கிற்று.

2002 ஏப்பிரல் 23 ஆம் நாள் தொகுப்பு கடைகளுக்கு வந்தது. முதல் வாரத்திலே 55,000 க்கு மேற்பட்ட பிரதிகள் விற்று, அமெரிக்க விற்பனைப் பட்டியலிலே 13 ஆம் இடத்தைப் பெற்றது. குழுவின் முந்திய தொகுப்புக்கள் எட்டாத உயரம் அது. காலப்போக்கில் விற்பனை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. 'வில்லேஜ் வொய்ஸ்' பத்திரிகை நாடு முழுவதிலுமுள்ள விமர்சகரிடையே நடத்திய வாக்கெடுப்பிலே அவ்வாண்டின் முதன்மையான தொகுப்பு இதுவே எனத் தேர்வாயிற்று.

இக்கதையைக் கலைஞனின் வெற்றி, வணிகனின் தோல்வி என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாம்; பலர் அவ்வாறே சொல்லி வந்திருக்கின்றனர். ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். தொகுப்பின் பாடல்களிலே பெரும்பங்கு கொண்ட பெனற், அதன் வெற்றியை வெளியே நின்றே பார்த்தார். பின்னர் தாமே சில தொகுப்புக்களை வெளியிட்டார்; 2009 மே மாதத்தில், 45 ஆவது வயதிலே காலமானார். ட்வீடிக்கும் அவருக்கும் இடையே இழந்த நட்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

மற்றொன்று அப்பெண்குரல் பற்றியது. அக்குரலின் பதிவை அனுமதியின்றிக் கையாண்டதாக இர்டியல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2004 இல் அது இணக்கமாய்த் தீர்க்கப்பட்டது. தங்கள் பதிவின்மேல் தங்களுக்குள்ள உரிமைக்காகப் பெருங்கம்பனியோடு நின்று போராடிய குழுவே, சிறு நிறுவனமொன்றின் பதிவை எடுத்தாண்டதற்காகக் குற்றஞ்சாட்டப்பட நேர்ந்தது. பெயரில்லாத நிலையத்திலிருந்து, பெயரில்லாத பெண்ணொருத்தி, யாரோ ஒருவனுக்காகப் பேசிய பேச்சு எவருக்குச் சொந்தம் என்ற கேள்வி எளிதில் தீரக்கூடியதன்று. பேசியவளுக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

2022 ஆம் ஆண்டில், இருபது ஆண்டு நிறைவையொட்டி, தொகுப்பின் விரிந்த பதிப்பொன்றை நொன்சச் வெளியிட்டது. நீக்கப்பட்டவை, கலைக்கப்பட்டவை, மாற்றியமைக்கப்பட்டவை எனப் பாட்டுக்களின் பழைய உருவங்கள் பலவும் அதிலே இடம்பெற்றன. ஓரூர்க் செதுக்கி அகற்றியவையும் பெனற் கட்டியெழுப்பியவையும் ஒருங்கே கேட்கும் வாய்ப்பு அப்போதுதான் மக்களுக்குக் கிட்டியது. 2023 இல் சிறந்த வரலாற்றுத் தொகுப்புக்கான கிராமி விருது அப்பதிப்புக்கு அளிக்கப்பட்டது. வெளியிடத் தகாதது என ஒருகால் தள்ளப்பட்ட பாட்டுக்கள், போற்றிப் பேணத்தக்க வரலாற்றுச் சான்றுகளாயின.

ஒலிபரப்புவோன் தன் சொல் யாரை அடைகிறது என்பதைக் கண்ணாற் காண்பதில்லை. நூறு பேர் கேட்கலாம், ஒருவரும் கேளாதிருக்கலாம், நினையாத ஊரில், நினையாத ஒருவர் பெட்டியை மூடாமல் இருந்து கேட்கலாம். வில்கோவின் தொகுப்பிலே அப்பெண்குரல் இன்றும் தன் மூன்று சொற்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவள் எவனுக்காகப் பேசினாளோ அவன் கேட்டானோ இல்லையோ, அவன் அல்லாத இலட்சக்கணக்கானோர் கேட்டுவிட்டனர்.